கூரை தாங்கிய காளைகள்: பழம்பாரசீகக் கல்மண்டபங்களில் விலங்குகளுக்கு என்ன வேலை?

ஈரான் செய்திகளில் அடிபடும்போதெல்லாம் சில படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். வானத்தை முட்டும் கல்தூண்கள், மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளை, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைக் கழுகுத் தலை, காளையின் பின்தொடையைக் கவ்வும் சிங்கம். படங்கள் அழகானவை. கூடவே வரும் விளக்கங்களில்தான் சிக்கல். 2015-ல் ஈராக்கின் நினிவேயில் ஐ.எஸ். அமைப்பினர் உடைத்த அசிரியச் சிலைக்குக் கீழே ‘பாரசீகச் சிற்பம்’ என்று போட்டிருப்பார்கள். பாரசீகச் சிற்பத்துக்குக் கீழே ‘பாபிலோன்’ என்றிருக்கும். தூண் உச்சியில் உள்ள இரட்டைக் காளையைப் பார்த்து ‘இவர்கள் மாட்டைக் கும்பிட்டவர்கள்’ என்று ஒருவர் எழுத, சிங்கம் காளையைக் கடிக்கும் படத்தைப் போட்டு ‘அப்படியானால் இது என்ன?’ என்று இன்னொருவர் கேட்பார்.

கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஒரே அரண்மனை வளாகத்தில் காளை ஓரிடத்தில் கூரையைத் தாங்குகிறது. இன்னோரிடத்தில் வாசலைக் காக்கிறது. மூன்றாவது இடத்தில் சிங்கத்திடம் கடிபடுகிறது. நான்காவது இடத்தில் ஒரு வீரன் கையால் வயிற்றில் குத்து வாங்குகிறது. காளை என்றால் இதுதான் பொருள் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒட்டாது. அது கட்டடத்தில் எங்கே நிற்கிறது, அந்த இடத்தில் அதற்கு என்ன வேலை என்று பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

## முதலில் இடமும் சொற்களும்

1. அகாமனிசியர்: கி.மு. 550 வாக்கில் சைரஸ் நிறுவி, கி.மு. 330-ல் அலெக்சாந்தரிடம் வீழ்ந்த பாரசீகப் பேரரசின் அரச குலம். மேற்கே எகிப்து, துருக்கி முதல் கிழக்கே சிந்துப் பகுதி வரை இவர்கள் ஆட்சி. இந்தக் கட்டுரையில் ‘பாரசீகம்’ என்று வருவதெல்லாம் இவர்கள் காலத்தையே குறிக்கும்.

2. பசர்காடே, சூசா, பெர்சப்பொலிஸ்: இவர்களின் மூன்று முக்கியமான அரண்மனைத் தலங்கள். பசர்காடே சைரஸ் கட்டியது. சூசா பழைய நகரம்தான், ஆனால் அங்குள்ள அரண்மனையும் பெர்சப்பொலிசும் முதலாம் டேரியஸ் தொடங்கியவை. பெர்சப்பொலிஸ் என்பது கிரேக்கர் வைத்த பெயர். பாரசீகர் அதைப் ‘பார்சா’ என்றார்கள். இன்றைய ஈரானியர் ‘தக்த்-எ ஜம்ஷீத்’, அதாவது ஜம்ஷீத்தின் அரியணை, என்கிறார்கள். ஷீராஸ் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், ரஹ்மத் மலையடிவாரத்தில் எழுப்பிய ஒரு பெரிய கல்மேடை. கி.மு. 518 வாக்கில் வேலை தொடங்கியது.

3. அபதானா: பல தூண்கள் கொண்ட சதுரமான அரச மண்டபம். பெர்சப்பொலிஸ் அபதானாவின் உள்மண்டபம் ஒரு பக்கத்துக்கு சுமார் 60 மீட்டர். உள்ளே 36 தூண்கள், மூன்று பக்க முகப்புகளில் பன்னிரண்டு பன்னிரண்டாக இன்னொரு 36. மொத்தம் 72.

4. போதிகை: இது நம் கோயில் கட்டடக் கலைச் சொல். தூணின் தலைக்கும் அதன் மேல் கிடக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு. பாரசீகத் தூணின் உச்சியில் உள்ள விலங்கைப் புரிந்துகொள்ள இந்தச் சொல் கையில் இருந்தால் போதும்.

## தூண் உச்சியில்: சுமை தாங்கும் விலங்கு

போதிகை எதற்கு? இரண்டு தூண்களுக்கு நடுவே அந்தரத்தில் கிடக்கும் உத்தரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அது தொய்யும், முறியும். தூணின் தலையிலிருந்து இரண்டு பக்கமும் கை நீண்டால், அந்த நீளத்துக்கு உத்தரத்துக்குத் தாங்கல் கிடைக்கும். அந்தரத்தில் கிடக்கும் பகுதி குறையும்.

இப்போது பாரசீக இரட்டைக் காளையைப் பாருங்கள். இரண்டு காளைகளின் முன்பாதிகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன. முன்னங்கால்களை மடக்கி, மார்பை முன்தள்ளி, தலையை நிமிர்த்தி, ஒன்று இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமும் பார்க்கின்றன. இரண்டு கழுத்துகளுக்கும் நடுவே, முதுகுகள் சேரும் இடத்தில், சேணம் போல ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் குறுக்காக ஒரு மர விட்டம் உட்கார்ந்தது. அதன் மேலும் காளைகளின் தலைகள் மேலுமாக மறுதிசையில் இன்னொரு உத்தரம் போனது. பெரும்பாலான மீட்டுருவாக்க வரைபடங்கள் இப்படித்தான் காட்டுகின்றன. அதாவது காளையின் தலையும் கழுத்தும்தான் போதிகையின் நீட்டிய கை. நடுப்பள்ளம், விட்டம் நகராமல் பிடித்துக்கொள்ளும் பிடி.

காட்டு மரத்தின் கவட்டைக் கிளையை நட்டு அதில் விட்டத்தைக் கிடத்துவது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். பந்தல்கால் நட்டவர்களுக்கு இது தெரியும். பாரசீக இரட்டை விலங்கும் அந்தக் கவட்டைக் கம்பின் கல் வடிவம்தான் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். நிரூபிக்க மரம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அளவுகளே பதில். அபதானாத் தூண்கள் சுமார் 19 முதல் 20 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஆறு மாடி. தூணுக்குத் தூண் இடைவெளி எட்டு மீட்டருக்கு மேல். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் தூண்கள் சுமார் 10.4 மீட்டர்தான், அதுவும் நெருக்கமாக நிற்பவை. எகிப்தின் கர்னாக் கோயிலில் இருபது மீட்டரைத் தாண்டிய தூண்கள் உண்டு என்றாலும் அவை பருத்து, நெருங்கி, காட்டையே உள்ளே கொண்டுவந்து வைத்ததுபோல நிற்கின்றன. கல் உத்தரத்தின் பாரம் அப்படி. பாரசீகர் கூரையை மரத்தில் போட்டார்கள். சூசா அரண்மனைக்குத் தேவதாரு மரம் லெபனானிலிருந்து வந்தது என்று டேரியஸின் கல்வெட்டே சொல்கிறது. மரக்கூரை கல்கூரையைவிட இலேசு. அதனால் தூண் மெலிந்தது, இடைவெளி அகன்றது, மண்டபத்துக்குள் நின்றால் வெளி தெரிந்தது. மெலிந்த தூணின் தலையில் அகன்ற தாங்கல் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் காளை வந்தது.

உள்மண்டபத்தில் காளைகள், கிழக்கு முகப்பில் சிங்க உருவங்கள். பசர்காடேயில் சைரஸ் கட்டிய மண்டபத்தில் குதிரை, சிங்க உருவங்களின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. ஆக, காளை மட்டுமே இந்த வேலைக்கு உரிய புனித விலங்கு என்று சொல்ல இடமில்லை. கழுத்தில் பலம் உள்ள எந்த விலங்கும் சரிதான் என்பதுபோல இருக்கிறது.

இதைக் கண்ணெதிரே பார்க்க வேண்டுமென்றால் பாரிஸ் லூவர் அருங்காட்சியகம்தான் வசதி. மார்செல் தியூலஃபுவா 1884–86-ல் சூசாவில் தோண்டி எடுத்த இரட்டைக் காளைப் போதிகை அங்கே தரையில் நிற்கிறது. கீழே சுருள் வேலைப்பாட்டோடு சேர்த்து ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். மூலத்தில் இருபது மீட்டர் உயரத்தில், இருட்டுக் கூரைக்கு அடியில் இருந்த பொருள் இது. கழுத்தடி ரோமத்தை வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சுருள்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே நின்றவன் கண்ணுக்கு அதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

சுமை தாங்கும் கல்லை விலங்காகவே செதுக்கிவிடுவது, அதுவும் இந்த அளவில், அகாமனிசியரின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம். அவர்கள் அசிரியரிடமும் எகிப்தியரிடமும் கிரேக்கரிடமும் எவ்வளவோ வாங்கினார்கள். இது வாங்கியது அல்ல.

## வாசலில்: காவல் நிற்கும் விலங்கு

வாசலுக்கு வந்தால் கதை வேறு. இங்கே கடன் வெளிப்படையாகத் தெரிகிறது.

பெர்சப்பொலிஸ் மேடைக்குப் படியேறி வந்ததும் முதலில் எதிர்ப்படுவது டேரியஸின் மகன் செர்க்சஸ் கட்டிய ‘எல்லா நாடுகளின் வாயில்’. மேற்கு வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு பிரம்மாண்டமான காளைகள், வருகிறவரைப் பார்த்தபடி. உள்ளே நுழைந்து கிழக்கு வாசல் வழியாக வெளியேறினால், அங்கே தாடியும் கிரீடமும் வைத்த மனிதத் தலை, காளை உடல், கழுகுச் சிறகு கொண்ட இரண்டு உருவங்கள் மலையைப் பார்த்து நிற்கின்றன. இந்த இரண்டாவது வகைக்கு அசிரிய வழக்கில் ‘லமாசு’ என்று பெயர். நினிவேயிலும் கோர்சாபாதிலும் அசிரிய அரசர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வாசல்களில் நிறுத்தியவை. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

படத்தைப் பார்த்து எது எந்த ஊர் என்று பிரிக்க எளிய வழிகள் உண்டு:

1. காலை எண்ணுங்கள். அசிரிய லமாசுக்கு வழக்கமாக ஐந்து கால். முன்னால் நின்று பார்த்தால் இரண்டு கால் ஊன்றி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் நான்கு காலும் நடக்கும். இரண்டு கோணத்துக்கும் தனித்தனியே செதுக்கியதால் மூலையில் ஒரு கால் கூடிவிடும். பெர்சப்பொலிஸ் சிற்பி அந்த ஐந்தாம் காலை எடுத்துவிட்டான். நான்கு கால்தான்.

2. இணைப்புக் கோட்டைத் தேடுங்கள். கோர்சாபாத் உருவங்கள் ஒற்றைப் பாறையில் செதுக்கியவை. பெர்சப்பொலிஸ் உருவத்தின் உடலுக்குக் குறுக்கே கிடையான கோடுகள் ஓடும். பெரிய பெரிய கற்களை அடுக்கி வாசல் சுவராகவே கட்டிச் செதுக்கியிருக்கிறார்கள். இங்கே விலங்கும் சுவரும் ஒன்று.

3. எழுத்து எங்கே என்று பாருங்கள். அசிரிய உருவங்களில் கால்களுக்கு நடுவே ஆப்பெழுத்து, அதாவது ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன எழுத்து, இருக்கும். பெர்சப்பொலிஸில் விலங்குக்கு மேலே, உயரத்தில் மூன்று மொழிகளில் பொறித்திருக்கும்: பழம்பாரசீகம், எலாமியம், பாபிலோனியம்.

அந்தக் கல்வெட்டில் செர்க்சஸ் பாரசீகரின் பெருந்தெய்வமான அகுரமஸ்தாவின் அருளால் இந்த வாயிலைத் தான் கட்டியதாகச் சொல்கிறான். பார்சாவில் தானும் தன் தந்தையும் இன்னும் பல நல்ல கட்டடங்களைக் கட்டியதாகவும் சொல்கிறான். பக்கத்தில் இவ்வளவு பெரிய விலங்குகள் நிற்கின்றனவே, அவற்றைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ‘இது இன்ன தெய்வம்’ என்று இணையத்தில் உறுதியாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கண்டுபிடிப்பையும் இங்கே சேர்க்கலாம். பெர்சப்பொலிஸ் மேடையிலிருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில் தோல்-எ ஆஜோரி என்ற மேட்டில் ஈரானிய, இத்தாலிய அகழாய்வாளர்கள் ஒரு பெரிய வாயிலைக் கண்டெடுத்தார்கள். கல் இல்லை, மெருகூட்டிய செங்கல். அதில் காளையும், பாம்புத் தலை கொண்ட பாபிலோனிய விலங்கும் இருக்கின்றன. பாபிலோனின் இஷ்தார் வாயிலின் நகல் மாதிரியே. பெர்சப்பொலிசுக்குச் சற்று முந்தியது. முதலில் பாபிலோனை அப்படியே செங்கல்லில் நகலெடுத்தவர்கள், அடுத்த தலைமுறையில் அசிரிய உருவத்தைக் கல்லில் எடுத்து, காலைத் திருத்தி, சுவரோடு சேர்த்துக் கட்டினார்கள்.

சிறிய காவலர்களும் உண்டு. அபதானாவின் மூலையில் கிடைத்த, உட்கார்ந்த நிலையில் உள்ள ஒரு காவல் நாய், கறுப்புக் கல்லில் பளபளவென்று தேய்த்தது, இன்று தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதற்குச் சிறகும் இல்லை, கிரீடமும் இல்லை. வீட்டு வாசல் நாய்தான்.

## சுவரில்: கதை சொல்லும் விலங்கு

அபதானாவின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள படிக்கட்டுச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்கள். பேரரசின் 23 நாட்டுக் குழுக்கள் அரசனுக்குக் காணிக்கை கொண்டுவரும் காட்சி. கிழக்குச் சுவர் நீண்ட காலம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1932-ல் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தோண்டியபோது வெளிப்பட்டது. அதனால்தான் அதன் முகங்கள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன.

ஒவ்வொரு நாட்டையும் அதன் ஆடையும் விலங்குமே அடையாளம் காட்டுகின்றன. அரேபியர் ஒற்றைத் திமில் ஒட்டகம். பாக்திரியர் இரட்டைத் திமில் ஒட்டகம். பாபிலோனியர் திமில் உள்ள காளை. ஆர்மீனியரும் சகரும் குதிரை. எத்தியோப்பியரோடு வரும் விலங்கு ஒட்டகச்சிவிங்கியா, அதன் உறவான ஒக்காபி என்ற ஆப்பிரிக்கக் காட்டு விலங்கா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. சிற்பி அதை நேரில் பார்த்தானா என்பதே சந்தேகம்.

சூசாப் பகுதி மக்களான எலாமியரின் குழுவுக்கு முன் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர்கள் ஒரு பெண் சிங்கத்தைக் கயிறு கட்டிக் கொண்டுவருகிறார்கள். பின்னால் இரண்டு பேர் கையில் ஆளுக்கொரு சிங்கக்குட்டி. தாய் முன்னே நடக்காமல் கழுத்தை முழுக்கத் திருப்பிக் குட்டிகளைப் பார்க்கிறது, வாயைத் திறந்து உறுமுகிறது. மற்ற விலங்குகளெல்லாம் வரிசையில் அமைதியாகப் போகும்போது இது ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு விதிமுறைக்குள் அடங்கி வேலை செய்த ஒரு சிற்பி, இந்த ஒரு கழுத்தில் தன் கண்ணைக் காட்டிவிட்டான்.

இந்தியக் குழுவும் உண்டு. இங்கே இந்தியா என்றால் சிந்து நதிப் பகுதி. பாரசீகர் ‘ஹிந்துஷ்’ என்றார்கள். வெறும் மேலுடம்பு, இடுப்பில் வேட்டி போன்ற துணி. ஒருவன் தோளில் காவடித் தடி. இரண்டு முனையிலும் கூடை. கூடைக்குள் சிறு பைகள். பொற்பொடியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. இந்தியர் பொற்பொடியாகக் கப்பம் கட்டியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பதோடு இது பொருந்துகிறது. அவர்களோடு வருவது யானை அல்ல, ஒரு கழுதை!

### சிங்கமும் காளையும்

படிக்கட்டுச் சரிவால் உண்டாகும் முக்கோண மூலைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. காளை முன்னங்கால்களைத் தூக்கி எழும்புகிறது, தலையைத் திருப்பிச் சிங்கத்தைப் பார்க்கிறது. சிங்கம் அதன் பின்தொடையில் பல்லைப் பதித்திருக்கிறது. சிங்கத்தின் முகம் மட்டும் பக்கவாட்டில் இல்லாமல் பார்ப்பவரை நோக்கி நேராகத் திரும்பியிருக்கிறது.

பொருள் என்ன? அதிகம் பரவிய விளக்கம் நவ்ரூஸ், அதாவது பாரசீகப் புத்தாண்டு. சிங்கம் சிம்ம ராசி, காளை ரிஷப ராசி. குளிர்காலம் போய் வசந்தம் வருவதை இது காட்டுகிறது என்பார்கள். வானியல் வரலாற்றாளர் வில்லி ஹார்ட்னர் 1965-ல் இதற்கு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அகாமனிசிய அரசர்களின் கல்வெட்டுகளில் நவ்ரூஸ் பற்றி ஒரு வரி இல்லை. சிங்கம் காளையைத் தாக்கும் உருவமோ பெர்சப்பொலிசுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே மேற்காசியா முழுக்கப் புழங்கியது.

அதைவிட எனக்கு நம்பிக்கை தரும் தடயம் தரைக்கு அடியில் இருக்கிறது. 1933-ல் அபதானாவின் மூலைகளில் கற்பெட்டிகள் கிடைத்தன. உள்ளே டேரியஸின் பொன், வெள்ளித் தகடுகள். பெட்டிகளுக்கு அடியில் சில காசுகள்; அவற்றில் லிடியாவின் (இன்றைய மேற்குத் துருக்கி) குரோசஸ் மன்னன் பெயரால் வழங்கும் தங்கக் காசுகளும் இருந்தன. அந்தக் காசின் ஒரு பக்கத்தில் என்ன முத்திரை தெரியுமா? எதிரெதிரே நிற்கும் சிங்கமும் காளையும். குரோசஸின் நாட்டைச் சைரஸ் வென்ற பிறகும் பாரசீகர் அதே முத்திரையில் காசடித்தார்கள். சிங்கமும் காளையும் சேர்ந்தால் அது அரச அதிகாரம் என்பது அவர்கள் மடியில் இருந்த காசே சொன்ன சேதி. இதற்கு ராசி மண்டலம் கட்டாயம் இல்லை. இரண்டு பொருளும் சேர்ந்தே இருந்திருக்கலாம் என்பவர்களையும் மறுக்க முடியாது.

### கதவு நிலையில் நடக்கும் கொலை

பெர்சப்பொலிஸ் மேடையில் உள்ள டேரியஸ் அரண்மனையிலும் நூறு தூண் மண்டபத்திலும் கதவு நிலைகளின் உட்பக்கங்களில் இன்னொரு காட்சி. அரச உடையில் ஒரு வீரன், ஒரு கையால் விலங்கின் கொம்பையோ பிடரியையோ பிடித்து, மறுகையால் அதன் வயிற்றில் குறுவாளைச் செருகுகிறான். விலங்கு சிலசமயம் சிங்கம், சிலசமயம் காளை, சிலசமயம் சிங்க உடலும் சிறகும் கொம்பும் தேள் வாலும் சேர்ந்த கற்பனைப் பிராணி. வீரன் முகத்தில் கோபம் இல்லை, உடலில் பரபரப்பு இல்லை. ஏதோ அன்றாட அலுவல் போல.

இங்கே அசிரியரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நினிவேயில் அசுர்பானிபாலின் சிங்க வேட்டைச் சிற்பங்களில் (இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்) அம்பு தைத்த சிங்கம் இரத்தம் கக்குகிறது, பின்கால் செயலற்றுத் தரையில் இழுபடுகிறது. பெர்சப்பொலிஸில் வேட்டைக் காட்சியே இல்லை, போர்க் காட்சியும் இல்லை. வாளோடு நிற்பவனுக்குப் பெயர்கூட எழுதவில்லை. அறைக்குள் நுழையும் இடத்தில் தீயது எதுவும் உள்ளே வராது என்று அறிவிக்கும் ஒரு முத்திரை மாதிரி. கூரை தாங்கும் காளைக்கும் இங்கே குத்துப்படும் காளைக்கும் முரண்பாடு தேட வேண்டியதில்லை. இடம் மாறியது, வேலையும் மாறியது.

## யார் செதுக்கினார்கள், எப்படி?

சூசா அரண்மனைக் கல்வெட்டில் டேரியஸ் கணக்குப் பிள்ளை மாதிரி பட்டியல் போடுகிறான். கல்தூண்கள் எலாமில் அபிராது என்ற ஊரிலிருந்து வந்தன. கல்தச்சர்கள் அயோனியர், சார்டிஸ்காரர்கள். அதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையைச் சேர்ந்தவர்கள். பொற்கொல்லர் மீடியரும் எகிப்தியரும். செங்கல் சுட்டவர் பாபிலோனியர். தந்தம் வந்த இடங்களில் இந்தியாவும் ஒன்று. பெர்சப்பொலிஸ் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் ஒரு கிரேக்கன் ‘நான் பைத்தார்கோஸுக்கு உரியது’ என்று பாறையில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். இது என் பங்கு, வேறு யாரும் கை வைக்காதே என்று சொல்லாமல் சொன்னது போலும்.

பெர்சப்பொலிஸ் மேடையில் அரைகுறையாக விட்ட ஒரு வாயிலும் இருக்கிறது. முடிந்த வேலையைவிட முடியாத வேலையில்தான் முறை தெரியும். வரிசை ஏறக்குறைய இப்படி:

1. மலையிலேயே கல்லைப் பிளந்து, உருவத்தைக் கரடாக வடித்து, எடையைக் குறைத்துத்தான் கீழே இறக்கினார்கள்.
2. சாந்து கிடையாது. கல்லோடு கல் பொருந்தும் முகத்தின் விளிம்பை மட்டும் வழவழப்பாக்கி, நடுவைச் சற்றுக் குழித்துவிட்டால் இணைப்பு மயிரிழை அளவுக்கு நெருங்கும். வண்ணத்துப்பூச்சி வடிவ இரும்புப் பட்டையைக் குழியில் வைத்து ஈயம் ஊற்றிப் பூட்டினார்கள்.
3. அடுக்கிய பிறகுதான் நுண்வேலை. பல் உளியால் சமன்செய்து, பின் தேய்த்து மெருகு. இந்தப் பல் உளியின் தடம் பசர்காடேயின் முந்தைய வேலைகளில் இல்லை, டேரியஸ் காலத்தில் நிறைய. கார்ல் நைலண்டர் என்ற ஆய்வாளர் இதை வைத்தே எந்தக் கல் முந்தியது, எது பிந்தியது என்று பிரித்தார்.
4. காது, கொம்பு போன்ற நீட்டிய உறுப்புகளைத் தனியாகச் செய்து குழியில் செருகினார்கள். ஒரே கல்லில் நீட்டிச் செதுக்கினால் எதிலாவது முதல் தடவை மோதியதுமே உடைந்துபோய்விடும் அல்லவா?
5. கடைசியில் வண்ணம். நீலம், சிவப்பு, பச்சை எச்சங்கள் நுண்ணோக்கியில் கிடைத்திருக்கின்றன. இன்று நாம் ரசிக்கும் சாம்பல் நிற அமைதி அன்று இருந்ததே இல்லை.

## ‘ஹோமா’ என்ற பறவை

கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட இரட்டைப் போதிகை ஒன்று பெர்சப்பொலிஸில் இருக்கிறது. உள்ளூரில் அதை ‘ஹோமா’ என்பார்கள்; நிழல் பட்டால் அரசனாகலாம் என்ற பாரசீகக் கதைப் பறவையின் பெயர். அகாமனிசியர் அதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அந்தப் போதிகை எந்தத் தூணிலும் ஏறியதாகவும் தெரியவில்லை. வேலையே கிடைக்காத விலங்கு. ஆனால் 1960களின் தொடக்கத்தில் எட்வர்ட் சொஹ்ராபியான் இதைப் பார்த்து வரைந்த சின்னம் ஈரான் ஏர் விமானங்களின் வாலில் ஏறிவிட்டது. ஈரானிய தேசிய விமான நிறுவனத்தின் பாரசீகப் பெயரைச் சுருக்கினாலும் ‘ஹோமா’ என்றுதான் வரும். நல்ல பொருத்தம்.

## இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

ரூபாய் நோட்டில் உள்ள சாரநாத் சிங்கங்களும் முதுகோடு முதுகு ஒட்டியவைதான். அசோகர் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு, பெர்சப்பொலிஸ் எரிந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை. தொடர்பு உண்டா என்ற வாதம் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. பாட்னா பக்கத்தில் கும்ரஹாரில் 1912–13-ல் தோண்டிய ஸ்பூனர், தான் கண்ட தூண் மண்டபத்தைப் பெர்சப்பொலிஸோடு நேரடியாக ஒப்பிட்டார்.

ஒற்றுமைகள்: மணி வடிவ உறுப்பு, மெருகேற்றிய கல், தூண் உச்சியில் விலங்கு. கடன் வாங்கிய தடம் சொல்லிலும் உண்டு. அசோகரின் வடமேற்குக் கல்வெட்டுகள் எழுத்தைக் குறிக்க ‘திபி’ என்கின்றன. அது பழம்பாரசீகச் சொல். மற்ற இடங்களில் அது ‘லிபி’ ஆனது. தமிழில் நாம் சொல்லும் லிபியும் அதே லிபிதான்.

வேற்றுமைகள்: பாரசீகத் தூண் பல துண்டுகளை அடுக்கியது, மேனியில் வரிப்பள்ளங்கள் கொண்டது, கூரையைத் தாங்குவது. அசோகர் தூண் ஒரே கல், வழவழப்பானது, வெட்டவெளியில் தனியாக நிற்பது. அதன் உச்சியில் உள்ள விலங்குக்குச் சுமை எதுவும் இல்லை. ராம்பூர்வாவில் கிடைத்த காளை முழு உடம்போடு சும்மா நிற்கிறது. உருவத்தை வாங்கினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் வேலையை மாற்றிவிட்டார்கள். அசிரியரிடம் பாரசீகர் செய்ததும் இதேதான்.

நம் மண்டபங்களின் யாளித் தூண்கள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் விஜயநகர, நாயக்கர் கால யாளிக்கும் இதற்கும் நடுவே ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. இணைக்கும் கண்ணி எதுவும் இல்லை. அந்த முடிச்சைப் போடாமல் விடுவது நல்லது.

## எரிந்த பிறகு

கி.மு. 330-ல் அலெக்சாந்தரின் படை பெர்சப்பொலிஸைக் கொள்ளையிட்டது. கருவூலத்தைச் சுமக்கப் பத்தாயிரம் சோடிக் கோவேறு கழுதைகளும் ஐயாயிரம் ஒட்டகங்களும் தேவைப்பட்டதாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். படிக்கட்டுச் சுவரில் ஒட்டகங்கள் காணிக்கையோடு உள்ளே வருகின்றன; உண்மையான ஒட்டகங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வெளியே போயின. அப்புறம் தீ.

தூணை மெலிய வைத்த அதே மரக்கூரைதான் இப்போது எரிபொருள். உத்தரங்கள் எரிந்து விழுந்தன, சூட்டில் சுண்ணாம்புக்கல் வெடித்தது. மேலிருந்து அழுத்திப் பிடித்த சுமை போனபின் துண்டு துண்டாக அடுக்கிய தூண்கள் நிலநடுக்கத்துக்கும் காலத்துக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. 1621-ல் வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே 25 தூண்கள் நிற்பதாக எண்ணினார். இன்று அபதானாவின் 72-ல் நிற்பவை 13. காளைகள் கீழே கிடக்கின்றன.

ஒரு தலை மட்டும் வெகுதூரம் போய்விட்டது. 1931 முதல் 1939 வரை அங்கே அகழாய்வு செய்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில், நூறு தூண் மண்டபத்தின் முகப்பைக் காத்த காளையின் தலை இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரம், பத்து டன் அளவு எடை. கறுப்பாக மினுங்கும் அந்தத் தலையில் நெற்றிச் சுருள்கள் அப்படியே இருக்கின்றன. காதும் கொம்பும் இல்லை. அவற்றைச் செருக வெட்டிய குழிகள் மட்டும் இருக்கின்றன.